புளியமரத்தடியில் எண்ணாமல் விட்ட ஆள்

காட்டு நடைக்கு விருந்தினரை அழைத்துப் போகும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் போன ஞாயிற்றுக்கிழமை மாரிகுப்பத்தில் என் வீட்டுக்கு வந்தபோது சிங்கத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். எத்தனை தடவை எதிரே வந்தது, எவ்வளவு பக்கத்தில் வந்தது என்று. நானும் இரண்டு கதை சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் ரயிலேறின பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

சிங்கம் பெரும்பாலும் நம்மைப் பார்த்ததும் எழுந்து போய்விடும். அதற்கு நம்மைவிட வேறு வேலை இருக்கிறது. பதினேழு வருடம் ஆப்பிரிக்கக் காட்டில் நடந்ததில் எனக்குக் கையும் காலும் உண்மையாக நடுங்கியது ஒரே ஒரு நாள். ஒரு மனிதர் ஒன்றுக்குப் போக ஒதுங்கினார். அதனால் வந்த நடுக்கம்.

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நின்றேன். பதிமூன்று வருடம் கோலார் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. சுரங்கம் மூடியதும் பெங்களூரில் சென்ட்ரிங், கொஞ்ச நாள் லாரி, கொஞ்ச நாள் கிரானைட் குவாரி. பிறகு ஒரு ஏஜென்ட் மூலமாக ஜாம்பியாவில் தாமிரச் சுரங்கம். ஒப்பந்தம் முடிந்து மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். எனக்கு ஊர் திரும்ப மனம் வரவில்லை. தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் காம்ப்களுக்கு மாவும் வெங்காயமும் ஏற்றிப் போகும் லாரியில் லோடு இறக்கப் போனேன். இறங்கியவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ரோடு கிடையாது. புல் வேய்ந்த குடிசைகள் ஐந்தாறு இருந்தால் ஒரு காம்ப். ஒரு காம்புக்கும் அடுத்ததுக்கும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். விருந்தினர்கள் விடியும்போது கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் அடுத்த காம்புக்கு நடந்து சேர வேண்டும். முன்னால் துப்பாக்கியோடு காவலர். அவருக்குப் பின்னால் வரிசையாக அதிகம் போனால் ஆறு விருந்தினர். கடைசியில் கெட்டிலும் கோப்பைகளும் தண்ணீரும் சுமந்துகொண்டு ஒருவன். அப்போது அந்தக் கடைசி ஆள் நான்.

காவலர் என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். அதிகம் பேச மாட்டார். நடக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பதால் எங்களுக்குள் ஒரு சைகை இருந்தது. அவர் முன்னாலிருந்து திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்துவார். எல்லோரும் இருக்கிறார்களா என்று அர்த்தம். இருந்தால் நான் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். புல் உயரமாக இருந்தால் நான் கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவேன், அவர் ஒரு நொடி நின்று திரும்பி என் விரலைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு வருடம் எங்கள் கோலார் தங்கவயலிலிருந்தே ஒரு தம்பதி வந்தார்கள். அங்கே பாலகாட் சுரங்கத்துப் பக்கம் இருந்தவர்கள். அந்த அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். மகன் அந்த நாட்டுத் தலைநகரில் வேலையாக இருந்தான். காம்பில் கேஜிஎஃப் ஆள் ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி, அந்த நம்பிக்கையில் அப்பா அம்மாவை அனுப்பி வைத்திருந்தான். அவர்களோடு நான்கு ஹாலந்துக்காரர்கள். மொத்தம் ஆறு பேர்.

டீச்சரின் கணவர் ஸ்டீபன். முதலில் மெஷின் வைத்துப் பாறை துளைக்கும் வேலை. அதில் காது போய், பிறகு ரிட்டயர் ஆகும்வரை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயில் நின்று ஆட்களை எண்ணிக் கேஜ் என்கிற கூண்டில் ஏற்றியவர். என்னைப் பார்த்ததும் கத்தித்தான் பேசினார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது.

“மாரிகுப்பமா? இங்க வந்து இன்னா பண்றே நீ?”

“டீ தூக்குறேன் அண்ணே.”

“இன்னாது?”

“டீ தூக்குறேன்!”

“டீ தூக்கறதுக்கா கடல் தாண்டி வந்தே? பங்காருபேட்டை ஸ்டேஷன்ல தூக்குனா ஆவாதா?”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “கத்தாதீங்க, சிங்கத்துக்குக் கூட கேக்குது.”

முதல் நாள் நடையில் ஸ்டீபன் அண்ணன் என் முன்னாலேயே நடந்தார். பேசக் கூடாது என்றால் கேட்க மாட்டார், ஆனால் மெல்லப் பேச முயற்சி செய்வார். இரண்டாம் நாள்தான் நான் சொல்ல வந்த நாள்.

காலையில் காம்பை விட்டுக் கிளம்பும்போது எண்ணினேன். ஆறு. எட்டரை மணிக்கு ஒரு புளியமரத்தடியில் டீக்கு நிறுத்தினோம். ஆப்பிரிக்கக் காட்டில் புளியமரம் இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியாது. ரசத்துக்கு ஆகும் என்று ஒரு கை பொறுக்கிப் பையில் போட்டார். காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று காவலர் மரியாதையாகச் சொன்னார். டீச்சர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு என்னிடம், “நான் கிளாஸ்ல பசங்களுக்கு சொல்றா மாதிரியே சொல்றான் பா” என்றார்.

டீ முடிந்தது. நான் நெருப்பை மண் போட்டு மூடி, கோப்பைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வரிசை கிளம்பிவிட்டது. அது வழக்கம்தான். ஐம்பது அடிக்குள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வேன். அன்றும் சேர்ந்தேன். புல் தலைக்குமேல் இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு ஹாலந்துக்காரர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. ஸ்டீபன் அண்ணன் இன்றைக்கு மனைவியோடு முன்னால் போய்விட்டார்போல என்று நினைத்துக்கொண்டேன். காவலரின் கை புல்லுக்கு மேலே உயர்ந்தது. நான் கட்டைவிரலைக் காட்டினேன். வழியில் இன்னும் இரண்டு முறை கை உயர்ந்தது. இரண்டு முறையும் காட்டினேன்.

பத்தரை மணிக்கு ஆற்றங்கரை. கணுக்கால் அளவு தண்ணீர். எதிர்க்கரையில் அடுத்த காம்ப், புகை கூடத் தெரிந்தது. விருந்தினர்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டு ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். நான் கரையில் நின்று எண்ணினேன்.

ஐந்து.

மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான். தண்ணீரில் நின்றுகொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“எங்க அவரு?”

“உங்க கூட முன்னாடி வந்தாருன்னு இருந்தேன் டீச்சர்.”

“என் கூடவா? உன் கூட பேசிகினு வர்றதுக்கு தானே அவரு கடைசில நடக்கிறாரு? நீ தானே கடைசி?”

நான் வந்த பாதையைப் பார்த்துத் திரும்பினேன். வாயில் இரண்டு விரலை வைத்து விசிலடிக்கப் போனேன். டீச்சர் தன் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய சின்னப் பொருள் ஒன்றை எடுத்தார். காதில் வைக்கும் மெஷின்.

“வேர்வை பட்டா கெட்டுப்போவுதுன்னு டீ குடிக்கசொல்ல கழட்டிக் குடுத்தாரு. நீ எவ்ளோ கத்துனாலும் அவருக்குக் கேக்காது பா.” அதை என் கையில் வைத்து அழுத்தினார். “இத்த எடுத்துகினு போ.”

காவலர் மற்ற நால்வரையும் எதிர்க்கரைக்கு அனுப்பி, காம்ப் ஆட்களிடம் ஒப்படைத்தார். டீச்சர் தானும் வருவதாகச் சொன்னார். “நீங்கள் வந்தால் நான் இரண்டு பேரைக் காப்பாற்ற வேண்டும்” என்றார் காவலர். டீச்சர் காம்புக்குப் போகவில்லை. எதிர்க்கரை மணலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பிறகு காவலர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி அவர்கள் பாஷை. தமிழில் எழுதுகிறேன்.

“அவரைக் கடைசியாகக் கண்ணால் எப்போது பார்த்தாய்?”

“அரை மணி நேரம் முன்னால்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரை மணி நேரம் என்றால் யாருக்கும் நடக்கக்கூடிய தவறு. இரண்டு மணி நேரம் என்றால் வேலை போகிற தவறு. வாய் அதுவாகவே சின்னதைத் தேர்ந்தெடுத்தது. உங்கள் வாயும் அப்படித்தான் செய்யும்.

காவலர் நேரம் வீணாக்கவில்லை. வந்த பாதையை விட்டு உடனே இடப்பக்கம் இறங்கி நடந்தார். நடந்துகொண்டே சொன்னார். “அரை மணி நேரம் என்றால் கருங்காலித் தோப்பு. அங்கே வழி தவறுகிறவர்கள் பள்ளத்துக்குத்தான் இறங்குவார்கள்.” அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது, நான் கொடுத்த பொய்யை வைத்துப் பார்த்தால். ஒவ்வொரு அடியும் ஸ்டீபன் அண்ணன் இருக்கக்கூடிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. மெஷின் என் உள்ளங்கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

நூறு அடி போயிருப்போம்.

“நில்லுங்க” என்றேன். “அரை மணி நேரம் இல்லை. டீ குடித்த இடத்தில் பார்த்ததுதான். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.”

அவர் திரும்பினார். “கட்டைவிரல்?”

“எண்ணாமல் காட்டினேன். மூன்று தடவையும்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திசையை மாற்றி, வந்த பாதையில் ஏறி, வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

இவ்வளவு பழகியவன் ஏன் எண்ணாமல் விட்டேன் என்று ஓடும்போதுதான் யோசித்தேன். இது சோம்பேறித்தனம் இல்லை. சோம்பேறித்தனமாக இருந்திருந்தால் திருத்துவது சுலபம். சுரங்கத்தில் ஆளை எண்ணுவது ஒரே இடத்தில்தான், ஷாஃப்ட் வாயில். இறங்கும்போது டோக்கனைக் கொடுக்கிறோம், ஏறும்போது வாங்குகிறோம். நடுவில் எட்டு மணி நேரம் யாரும் யாரையும் எண்ணுவதில்லை. எண்ணத் தேவையில்லை, ஏனென்றால் வெளியே போக வேறு வழியே கிடையாது. உள்ளே போனவன் உள்ளேதான் இருப்பான். பதிமூன்று வருடப் பழக்கம் எனக்கு. காம்பில் கிளம்பும்போது ஒரு எண்ணிக்கை, சேரும்போது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. காட்டை நான் இன்னொரு ஷாஃப்ட் என்று நினைத்து நடந்திருக்கிறேன். காட்டுக்கு வாய் என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கமும் திறந்துதான் கிடக்கிறது.

வழியில் காட்டெருமைக் கூட்டம் பாதையைக் கடந்துகொண்டிருந்தது. நாற்பது, ஐம்பது இருக்கும். நான் சுற்றிப் போகலாம் என்றேன். காவலர் புல்லைக் கிள்ளித் தூவிக் காற்றைப் பார்த்துவிட்டு, ஒரு மரத்தடியில் குந்திக்கொண்டார். “சுற்றினால் நம் வாசனை அதற்குப் போகும். அது ஓடும். எந்தப் பக்கம் ஓடும் என்று உனக்குத் தெரியுமா? அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியுமா?” கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான். வானத்தைப் பார்த்து ஒரு முறை சுடலாமே என்று கேட்டேன். “காது கேட்காதவருக்கு வெடிச் சத்தம் எதற்கு? மிருகங்களுக்குத்தான் கேட்கும்” என்றார்.

புளியமரத்தடியில் யாரும் இல்லை. நான் மூடிய நெருப்பு அப்படியே இருந்தது. மரத்துக்குப் பின்னால் ஒரு கரையான் புற்றோரம் மண்ணில் ஈரம் காய்ந்த அடையாளம். ஒதுங்கியது அங்கேதான். அவர் திரும்பி வந்திருக்கிறார், யாரும் இல்லை என்று பார்த்திருக்கிறார். அங்கிருந்து நீர்யானைகள் நடந்து தேய்த்த தடங்கள் இரண்டு பிரிகின்றன. நாங்கள் போனது ஒன்று. ஷூ அடையாளம் மற்றதில் இருந்தது. இருநூறு அடிக்குப் பிறகு தரை கல்லுபோல் இறுகிக் கிடந்தது. அடையாளம் நின்றுவிட்டது.

காவலரும் நின்றுவிட்டார். நான் வாய் திறக்கப் போனேன். கையைக் காட்டி அடக்கினார்.

எங்கேயோ ஒரு பறவை கத்திக்கொண்டிருந்தது. தீப்பெட்டியைக் குலுக்குவது மாதிரி, விடாமல். காவலர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“தேன் காட்டுகிற பறவை” என்றார். “மனிதர்களைப் பார்த்தால் கூப்பிட்டுக்கொண்டு தேன்கூட்டுக்கு முன்னால் பறக்கும். கூடவே நாம் போனால் சத்தம் நகர்ந்துகொண்டே போகும். இது நகரவில்லை. அது யாரையோ கூப்பிடுகிறது. அந்த ஆள் எழுந்து வர மாட்டேன் என்கிறார்.”

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கொஞ்ச தூரத்தில் இன்னொரு சத்தமும் கேட்டது. மரத்தில் கல்லால் தட்டும் சத்தம். இரண்டு தட்டு, இடைவெளி, இரண்டு தட்டு. என் கால் அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது.

ஸ்டீபன் அண்ணன் ஒரு பெரிய புற்றில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விழுந்து கிடந்த மரத்தைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு கிளையில், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒரு பழுப்புப் பறவை வாலை விரித்து விரித்துக் கத்தியது.

எங்களைப் பார்த்ததும் கல்லைக் கீழே போட்டார். “வந்துட்டீங்களா? இந்தக் குருவி ஒரு மணி நேரமா எதிர்ல வந்து வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது பா. எங்க வூட்டுக்காரி மாதிரியே.”

மெஷினைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் முகத்தைச் சுளித்தார். “இதுவா இவ்ளோ நேரம் கத்திகினு இருந்துச்சி?”

நான் சிரித்துவிட்டேன். சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வழி தவறியது தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். “சொரங்கத்துல கீழ் லெவல்ல லேம்ப் அணைஞ்சிச்சின்னா இன்னா பண்ணுவோம்? நின்ன எடத்துல குந்துவோம், முதுக செவுத்துல வெப்போம், பைப்பத் தட்டுவோம். இங்க பைப்பு இல்ல, மரம் கீது.” அந்த ஊர் ஆட்கள் தேனுக்குப் போகும்போதும் மரத்தைத் தட்டித்தான் பறவையைக் கூப்பிடுவார்களாம். அது அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

கிளம்பும்போது காவலர் என் தோளைத் தொட்டு, அந்தப் புற்றின் பின்பக்கத்தைக் கண்ணால் காட்டினார். யானைக் காலடி. புதுசு. விளிம்பு கூட உதிரவில்லை. ஆறடி தூரத்தில் ஒரு யானை போயிருக்கிறது, அண்ணன் இந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். டீச்சரிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

ஆற்றங்கரையில் டீச்சர் அதே இடத்தில் இருந்தார். கணவரைப் பார்த்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றி அவர் தோளில் நான்கு அடி அடித்தார். பிறகு அதே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன், “அழாதே, அழாதே, மெஷின் போட்டிருக்கேன், கேக்குது” என்றார்.

காம்ப் மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்ன நடந்தது என்று கேட்டார். காவலர் பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தொப்பியை முழங்காலில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லியிருந்தால் நான் தலை குனிந்து நின்று தப்பித்திருப்பேன். நானே சொன்னேன். மூன்று கட்டைவிரலையும் சொன்னேன், அரை மணி நேரத்தையும், நூறு அடி போய் அதை மாற்றியதையும் சொன்னேன். விருந்தினரைத் தொலைப்பது ஒரு தவறு. எப்போது தொலைத்தோம் என்பதைக் குறைத்துச் சொல்வது அவரை இரண்டாம் முறை தொலைப்பது. நூறு அடி தூரத்துக்கு நான் அதைச் செய்தேன்.

மேனேஜர் எழுதிக்கொண்டார். நாளை நீ வரிசையில் நடப்பாயா என்பதைக் காவலர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். காவலர் யோசிக்கவில்லை. “இவன்தான் வர வேண்டும்” என்றார். “புது ஆள் வந்தால் அவனுக்கு இந்தப் பயம் இருக்காது.”

சாப்பாட்டு நேரத்தில் நான் தட்டு எடுக்கவில்லை. சமையல் குடிசைக்குப் பின்னால் விறகின்மேல் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் தேடிக்கொண்டு வந்தார்.

“துன்னியா?”

“இல்ல டீச்சர்.”

“அரை மணி நேரம்னு தானே மொதல்ல சொன்னே?”

“ஆமா டீச்சர்.”

இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்தார். வகுப்பில் பெஞ்ச் மேல் நின்ற ஞாபகம் வந்தது எனக்கு.

“முப்பத்திரண்டு வருஷம் பாடம் எடுத்தவ நான். பொய் சொல்ற பசங்கள எண்ணவே முடியாது. அதுல ரெண்டு பேரு மூணு பேரு தான் யாரும் புடிக்காமயே திரும்பி வந்து சொன்னவங்க. அதுவும் மறுநாள். நீ நூறு அடியில வந்துட்டே.” தங்கள் குடிசைப் பக்கம் கையைக் காட்டினார். “அவரு தூங்குறாரு உள்ள. குறட்டை வெளிய வரைக்கும் கேக்குது. போ, போய் துன்னு. நாளைக்கு அவர உன் முன்னாடியே விடறேன், நீயே கூட்டிகினு வா. என்னால அந்த ஆள் கூட நாள் முழுக்க கத்திகினு வர முடியாது.”

எழுந்து போய்ச் சாப்பிட்டேன். சோளக்களியும் கீரையும். இரண்டாம் தட்டு போட்டுக்கொண்டபோது அந்தக் குறட்டை எனக்கும் கேட்டது.